நிரோஜா ஓடியது எதற்காக

இல்லை, திடீரென்று அல்ல. பதினாறு மாதம். அறிவித்தலில் "திடீர் சுகவீனம் காரணமாக" என்று இருந்தது. அதை எழுதியவர்களுக்கும் அது பதினாறு மாதம் என்பது தெரியும்.

செய்தி வந்தபோது கொக்குவில் புகையிரதக் கடவையில் நின்றேன். கடவை மூடியிருந்தது. சைக்கிளில் இருந்தபடி ஒரு காலை ஊன்றிக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழக நண்பர்களின் வட்ஸ்அப் குழுவில் யாரோ அறிவித்தலைப் படமாகப் போட்டிருந்தார்கள். பூக்கள் வைத்த சட்டம். நடுவில் அவளுடைய அடையாள அட்டைப் படம். ஓடுகிற படம் ஒன்றுகூடவா கிடைக்கவில்லை என்று முதலில் கோபம் வந்தது. அது என்ன அறிவித்தல் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. ரயில் போனது. கடவை திறந்தது. பின்னால் நின்ற முச்சக்கரவண்டிக்காரர் ஹோர்ன் அடித்தார்.

"பிள்ளை, போறதெண்டா போ, நிக்கிறதெண்டா கரையிலை நில்."

கரையில் நின்றேன்.

நிரோஜா. வயது இருபத்தைந்து. மயிலிட்டி. ஐயாயிரம் மீற்றர், பத்தாயிரம் மீற்றர். இதை வாசிக்கும் உங்களில் சிலர் அவளோடு படித்தவர்கள். சிலர் அவள் வீதியால் ஓடியதை வாசலில் நின்று பார்த்தவர்கள். அவள் எதற்காக ஓடினாள் என்று கேட்டால் உங்களில் பலர் பிழையான பதிலைத்தான் சொல்வீர்கள். பிழை உங்களுடையது அல்ல. அதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். தேவாரம், குடும்ப வரலாறு, அவற்றுக்குப் பிறகு நண்பர்களின் இரண்டு பக்கம் என்ற அந்த ஒழுங்கு உங்களுக்குத் தெரியும். "வருத்தத்தைப் பற்றி ஒண்டும் வேண்டாம். ஓட்டத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கோ" என்றார் தொகுத்தவர். இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியாத தமிழோ?" என்றார்.

எழுதிக் கொடுக்கவில்லை. என் தமிழ் ஏற்கெனவே ஒருமுறை அவளுக்குக் கெடுதல் செய்திருக்கிறது.

நாங்கள் சந்தித்தது இரண்டாம் வருடத்தில். மாணவர் சஞ்சிகைக்கு ஒரு வீராங்கனையின் நேர்காணல் தேவைப்பட்டது. விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத என்னை அனுப்பினார்கள். அவள் மைதானத்து ஓரத்தில் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். நான் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். முதலாவது கேள்வி: ஓடும்போது உங்கள் மனதில் என்ன நிகழ்கிறது?

நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்டும் நிகழுறேல்லை. உனக்கு நேரம் பிடிக்கத் தெரியுமோ?"

நிறுத்தற் கடிகாரத்தை என் கையில் தந்துவிட்டு ஓடத் தொடங்கினாள். பன்னிரண்டரைச் சுற்று. சுற்றுகளைச் சரியாக எண்ணினேன். ஆனால் அவள் கோட்டைத் தாண்டிச் சில எட்டு வைத்த பிறகுதான் விரல் அழுத்தியது. மூச்சிரைக்க வந்து கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பண்டிதர், என்ரை ரெண்டு செக்கனைத் திண்டிட்டியள்."

அன்றிலிருந்து நான் பண்டிதர். நேர்காணல் வெளிவரவில்லை. சஞ்சிகையே வெளிவரவில்லை. நான் மட்டும் மாலைகளில் மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன், நேரம் பிடிக்க.

அவளிடம் ஒரு கொப்பி இருந்தது. ஓடிய தூரம், நேரம், காற்று எந்தப் பக்கம், முதல்நாள் என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிநேரம் படுத்தாள். மோசமான நாட்களையும் அதே எழுத்தில் எழுதியிருப்பாள். என் கொப்பிகள் முழுவதும் அடித்தல் திருத்தல். அவளுடையதில் அடித்தல் இல்லை. ஒரு நாள் மழையில் ஓடிவிட்டு, ஈரக் கையோடு எழுதிக்கொண்டிருந்தவளிடம் நாளைக்கு எழுதலாம்தானே என்றேன். "நேரம் எழுதாட்டி ஓடினதும் ஓடாததும் ஒண்டுதான்" என்றாள். ஏதோ தத்துவம் சொல்வதாக எடுத்துக்கொண்டேன். அவள் பயிற்சியைப் பற்றித்தான் சொன்னாள்.

நோயை முதலில் சொன்னது அந்தக் கொப்பி. இறுதி வருடத்தில் நேரம் கூடிக்கொண்டே போனது. பயிற்றுநர் பரீட்சைக் களைப்பு என்றார். தாய் நாவூறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார். பிறகு காறை எலும்புக்கு மேலே ஒரு கட்டி தெரிந்தது. நிணநீர்க் கணுவில் புற்றுநோய்.

வைத்தியரிடம் நானும் கூடப் போயிருந்தேன். எப்போதிருந்து உடம்புக்கு ஏலாமல் இருக்கிறது என்று அவர் கேட்டார். கன நாளாக என்றோ போன திருவிழாவிலிருந்து என்றோ சொல்லும் ஆட்களுக்குப் பழகியவர். நிரோஜா கொப்பியைத் திறந்து ஒரு திகதியைக் காட்டினாள். அவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். வெளியே வரிசை காத்திருந்தது.

"டொக்டர், நீங்கள் தாற மருந்து எனக்கு வேலை செய்யுமோ?"

"வேறை நாடுகளிலை நல்ல முடிவு கிடைச்சிருக்கு. எங்கடை ஆக்களிலை எப்பிடி எண்டு நான் துணிஞ்சு சொல்லேலாது, தங்கச்சி. வந்த ஆக்களைத் தொடர்ந்து பாத்து ஆரும் ஒழுங்கா எழுதி வைக்கேல்லை."

அவர் உண்மையைச் சொன்னார். அதற்காக அவரை எனக்கு இன்றும் பிடிக்கும். வெளியே வந்ததும் அவள் அழுவாள் என்று நினைத்துக் கைக்குட்டையைத் தேடினேன். அவளுக்குக் கோபம்.

"இவ்வளவு சனம் வந்து போகுது. ஒருத்தருக்கும் நேரம் பிடிக்கேல்லையாமடி."

அந்த மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. எங்கள் பக்கத்தில் அந்த ஊரின் பெயரைச் சொன்னாலே நோயைச் சொன்னது மாதிரி. அதனால் பேருந்தில் ஏறுபவர்கள் முந்திய தரிப்பிடத்துக்குச் சீட்டு வாங்குவார்கள். அங்கே ஒரு கோயில் இருக்கிறது. இறங்கி, வெயிலில் நடந்து போவார்கள். மருந்து ஏற்றிய உடம்போடு நடந்து வருவார்கள். நானும் முதல் தடவை கோயிலடி என்றுதான் கேட்கப் போனேன். அவள் என்னைத் தள்ளிவிட்டு நடத்துநரிடம் சொன்னாள், பேருந்து முழுவதும் கேட்க:

"கான்சர் ஆஸ்பத்திரியடி, ரெண்டு."

நடத்துநர் குனிந்து, "தங்கச்சி, மெல்லச் சொன்னாலும் எனக்குக் கேக்கும்" என்றார்.

"மெல்லச் சொன்னா மாறுமோ அண்ணை?"

முன் இருக்கையில் ஒரு அம்மா திரும்பி எங்களை முறைத்தார். மருத்துவமனை வாசலில் அவரும் எங்களோடு இறங்கினார்.

மருத்துவபீடத்தில் ஓர் ஆராய்ச்சியாளர் இருந்தார். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவருடைய திட்டம் பெரிய புதுமை இல்லை. நோயாளிகளிடமிருந்து பரிசோதனைக்கு எடுக்கும் கட்டியின் துண்டுகளைக் குளிரில் பாதுகாக்க வேண்டும். யாருக்கு என்ன மருந்து, என்ன நடந்தது என்று வருடக்கணக்கில் பின்தொடர்ந்து எழுத வேண்டும். அவ்வளவுதான். ஓர் அறை கொடுத்திருந்தார்கள். ஆழ்குளிர்ப் பெட்டி இல்லை. எழுதுவதற்கு ஆளும் இல்லை. பெட்டி வரவேண்டிய இடத்தைக் காட்டினார். சுவரோடு ஒரு வெறும் தரை. நிரோஜா அந்தத் தரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்கு நான் ஓடித் தாறன்."

மருந்துக்கும் மருந்துக்கும் இடையில் உடம்பு தேறும் நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் மூன்று காலை ஓடிப் பணம் சேர்ப்பது, ஒருநாள் விட்டு ஒருநாள். மயிலிட்டித் துறைமுகத்திலிருந்து கொக்குவில், அங்கிருந்து சாவகச்சேரி, கடைசியாகக் கொடிகாமம் சந்தை. வைத்தியர் இரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, அரைமனதோடு சம்மதித்தார். ஓடலாம், நேரம் பார்க்கக் கூடாது என்றார். அதைத்தான் அவள் பெரிய தண்டனையாகச் சொன்னாள்.

வீட்டில் இதை விளங்கிக்கொண்டவர் அவளுடைய தகப்பன் மட்டும்தான். கடற்றொழிலாளி. வாழ்க்கையின் நல்ல பாதியைக் கடலைப் பார்க்க முடியாத இடம்பெயர்ந்தோர் முகாமில் கழித்தவர். ஊர் திரும்பக் கிடைத்த பிறகு ஒரு படகோடு மறுபடி தொடங்கியவர். துறைமுகத்தில் வைத்து அவள் அவருக்கு விளக்கியபோது நானும் நின்றேன்.

"எடுத்த கட்டியைக் குளிரிலை வைக்கிறதோ?"

"ஓம் அப்பா."

"வைக்காட்டி?"

"பழுதாப்போம். பிறகு பாத்து ஒண்டும் அறியேலாது."

"அப்ப முதல் ஐஸை எல்லோ பாக்கவேணும்" என்றார். "ஐஸ் இல்லாமல் மீனுக்குப் போற விசரன் ஆர்?"

அதோடு அவருக்கு விளங்கிவிட்டது. இதனால் உனக்கு என்ன பிரயோசனம் என்று மற்ற எல்லோரும் கேட்டார்கள். அவர் கேட்கவில்லை.

இப்போது என் பகுதி.

வீதியில் ஓடப் பொலிஸ் அனுமதி வேண்டும். அம்புலன்ஸ் வேண்டும். பணம் சேர்க்க ஒரு பதிவான அமைப்பு வேண்டும். ஊரின் விளையாட்டுக் கழகம் பொறுப்பெடுத்தது. துண்டுப்பிரசுரம் எழுதுவது என் வேலை. முதலில் எழுதியது இது: "புற்றுநோய் ஆராய்ச்சிக்காக, புற்றுநோயுள்ள ஒரு வீராங்கனை ஓடுகிறாள்." கழகச் செயலாளர் வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. அனுமதிகளுக்காக எத்தனையோ நாள் அலைந்தவர்.

"பிள்ளை, கான்சர் எண்டு கொட்டை எழுத்திலை போட்டா சனம் கிட்ட வராது. 'நலவாழ்வுக்காக ஓர் ஓட்டம்' எண்டு போடுங்கோ. வடிவாயும் இருக்கு."

"ஆராய்ச்சி எண்டாவது இருக்கட்டும் அண்ணை."

"எங்கடை சனம் குடுத்தா கண்ணாலை பாக்கவேணும். ஒரு தண்ணித் தாங்கி, ஒரு மதில், பேர் போட்ட ஒரு கல்லு. ஆராய்ச்சிக்குக் குடுத்தா பேரை எங்கை போடுறது? கட்டியிலையோ?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். அதை மறக்க விரும்புகிறேன், முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து நிரோஜாவின் தாய் பேருந்தெடுத்து எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பொதி கருவாடு. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"இளையவளுக்குக் கலியாணம் பேசினம் பிள்ளை. மூத்தவளுக்கு உந்த வருத்தம் எண்டு மதிலுக்கு மதில் ஒட்டினா ஆர் வருவினம்? அவள் நான் சொல்லிக் கேக்கமாட்டாள். நீங்கள் படிச்சனீங்கள். ஒரு சொல்லைத்தானே மாத்தக் கேக்கிறன்."

ஒரு சொல். மாற்றினேன். புற்றுநோய் போனதும் ஆராய்ச்சி என்ற சொல் தனியே நின்று ஒன்றும் சொல்லவில்லை. அதையும் எடுத்தேன். நலவாழ்வு. உடல் உறுதி. இளைய தலைமுறை. சொற்கள் தாமாகவே வந்தன. எல்லோருக்கும் வாயால் சொல்லிவிடலாம், தாளில் இருந்தால்தானா என்று நினைத்தேன். நிரோஜாவிடம் கேட்கவில்லை. அந்தக் கிழமை அவளுக்கு மருந்து ஏற்றியிருந்தார்கள், வாந்தியாக இருந்தது, அவளைக் கரைச்சல்படுத்தக் கூடாது. இது எனக்கு நானே சொன்ன காரணம்.

ஓட்டத்தின் முதல்நாள் விடிந்ததும் துறைமுகத்தில் வைத்துத்தான் பிரசுரத்தைப் பார்த்தாள். மொட்டைத் தலையில் தொப்பி. மைதானத்தில் பார்த்ததை விட மெலிந்த கால்கள். நின்றபடியே இரண்டு தரம் வாசித்தாள்.

"நல்ல தமிழ், பண்டிதர். நான் என்னத்துக்கு ஓடுறன் எண்டது மட்டும் இல்லை."

விளக்கம் சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினாள். தகப்பனிடம் போய், ஐஸ் பெட்டிகளில் பெயர் எழுதும் கறுப்புப் பேனாவை வாங்கி வந்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"எழுது."

"என்ன எழுத?"

"உனக்குத் தெரியும்."

வெள்ளைச் சட்டையில் எழுதினேன். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு. எழுத்து சரிந்தது. சரிந்துவிட்டது என்றேன். "சரிஞ்சாப் பறவாயில்லை. வாசிக்க ஏலுமோ?" என்றாள். ஏலும் என்றேன். ஓடத் தொடங்கினாள்.

அவளுடைய தங்கை தர்சிகா மோட்டார் சைக்கிள் ஓட்ட, நான் தண்ணீர்ப் போத்தல்களோடு பின்னால் இருந்தேன். அதிகம் பேசாத பெண். கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது இவளுக்குத்தான். முதல் ஆறு மைலும் ஒரு சொல் பேசவில்லை. பிறகு, "அக்கா நல்லா ஓடுறாதானே" என்றாள். ஓம் என்றேன்.

ஒரு சந்தியில் தேத்தண்ணிக் கடை வாசலில் நின்ற ஒருவர் பகிடியாகக் கத்தினார். "தங்கச்சி, ஆர் துரத்தினம்?"

"கான்சர், அண்ணை!"

அவர் கையில் இருந்த தேநீர்க் குவளை அப்படியே நின்றது. நாங்கள் அவரைக் கடந்தபோது அவருடைய கண்கள் அவளுடைய முதுகில் இருந்தன.

ஆனால் முதுகை வாசித்தவர்கள் குறைவு. ஓடி வருபவரை ஆட்கள் முன்னாலிருந்துதான் பார்க்கிறார்கள். கடந்து போனதும் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். முழுத் தூரமும் அதை வாசித்துக்கொண்டு வந்தவர்கள் தர்சிகாவும் நானும் மட்டுமே. கழகம் வெளியிட்ட படங்கள் எல்லாம் முன்னாலிருந்து எடுத்தவை.

மூன்றாம் நாள் கொடிகாமம் சந்தைக்குள் அவள் நடந்துதான் வந்தாள். கடைசி மைல் ஓட முடியவில்லை. கத்தரிக்காய்க் குவியல்களுக்கு நடுவே கழகத்துப் பெடியள் உண்டியலோடு நின்றார்கள். முருங்கைக்காய்க் கட்டுகளோடு இருந்த ஒரு அம்மா எழுந்து வந்து, மடியில் இருந்த தாள்களை அவள் கைக்குள் திணித்தார்.

"மருந்துக்கு வைச்சுக்கொள், ராசாத்தி."

"அம்மா, எனக்கில்லையணை. எனக்கு அரசாங்கம் சும்மா மருந்து தருது. இது ஆராய்ச்சிக்கு."

"எனக்கு நீ படிப்பிக்காதை. நல்லாச் சாப்பிடு."

"அம்மா, இனி வாற ஆக்களுக்கு…"

"இனி வாறவையை அவையின்ரை ஆக்கள் பாப்பினம். நீ முதல் சாப்பிடு."

இன்னொருவர் கோயில் திருப்பணிக்கென்று நினைத்துக் கொடுத்தார். இன்னொருவர் மைதானத்துக்கென்று. துண்டுப்பிரசுரத்தைப் பார்த்தால் அப்படியும் நினைக்கலாம். ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கப் பார்த்தாள். குரல் அடைத்துவிட்டது. மரக்கறிச் சாக்கு ஒன்றின்மேல் இருந்துகொண்டு, வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டினாள். அதற்கு அவர்கள் அவளை ஆறுதலாகத் தடவிவிட்டுப் போனார்கள்.

அன்றுதான் அவள் என்மீது உண்மையாகக் கோபப்பட்டாள். "அம்மா கேட்டவ, செயலாளர் அண்ணை கேட்டவர். சரி. என்னை ஏனடி கேக்கேல்லை?"

நான்கு மாதம் கழித்து நோய் திரும்பி வந்தது. இரண்டாவது மருந்து வேலை செய்யவில்லை. யாருக்கு வேலை செய்யும், யாருக்குச் செய்யாது என்பதை எழுதி வைத்த ஏடு எங்கும் இல்லை. பணம் கழகத்திடம் இருந்தது. பொதுக்கூட்டம் வைக்காமல் எடுக்க முடியாது, கூட்டத்துக்கு வெளிநாட்டில் குடியேறிய ஊரவர்களின் கிளை சம்மதிக்க வேண்டும், அவர்கள் கோடை விடுமுறையில். இதையெல்லாம் நான் ஆஸ்பத்திரி விடுதிக் கட்டிலின் ஓரத்தில் இருந்து அவளுக்கு அறிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அழுதேன்.

"உன்ரை தமிழாலைதான் எண்டு அழாதை" என்றாள். "பண்டிதரிட்டை எழுதக் குடுத்தது என்ரை பிழை."

சிரித்தாள், இருமல் வந்தது. இருமல் அடங்கியதும் கேட்டாள்.

"அந்தச் சுவரடி இன்னும் வெறுமையாத்தான் கிடக்குதோ?"

"ஓம்."

"அப்ப கழகத்து ஆக்களோடை போய்க் கதை. இஞ்சை இருந்து என்ரை கையைப் பிடிச்சு என்ன செய்யப்போறாய்? கை பிடிக்க எனக்கு அம்மா இருக்கிறா."

போய்க் கதைத்தேன். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். மூன்று கிழமையில் அவள் வீட்டில் இறந்தாள். அன்று காலை நான் மயிலிட்டியில் இருந்திருக்கலாம். கொக்குவிலில், ஒரு கடவையில் நின்றேன்.

அடுத்த கூட்டம் முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு வந்த ஞாயிறு பின்னேரம் நடந்தது. குடும்பம் முன் வரிசையில். கழகத்தின் தீர்மானம் ஏற்கெனவே தட்டச்சாகியிருந்தது: சேர்ந்த பணத்தில் மைதான வாசலில் நிரோஜா ஞாபகார்த்த வளைவு. வெளிநாட்டுக் கிளை வரைபடமும் அனுப்பியிருந்தது. இரண்டு தூண்கள், ஒவ்வொன்றிலும் ஓடும் பெண்ணின் உருவம், மேலே பெயர். எல்லோரும் வரைபடத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். நன்றாகத்தான் இருந்தது.

எழுந்தேன். இந்தப் பணம் ஆராய்ச்சிக்குச் சேர்த்தது என்றேன். செயலாளர் கோபப்படவில்லை. கோப்பிலிருந்து துண்டுப்பிரசுரத்தை எடுத்து விரித்தார்.

"எங்கை இருக்குப் பிள்ளை, ஆராய்ச்சி எண்டு? நீங்கள் எழுதினதுதானே. நாளைக்கு ஆரும் என்னைக் கேட்டா நான் இதைத்தான் காட்டவேணும்."

"நான் எழுதினது பிழை, அண்ணை. அவள் முதுகிலை எழுதியிருந்தது."

"முதுகிலை இருந்ததை வைச்சு நான் எப்பிடித் தீர்மானம் எடுக்கிறது?"

சிலர் சிரிப்பை அடக்கினார்கள். அவர் சொன்னதில் பிழை இல்லை. அந்தக் கூட்டத்தில் அவர்தான் எழுத்தை மதித்தவர்.

தகப்பன் செயலாளரிடம் மெல்லக் கேட்டார். "வளைவுக்குள்ளாலை என்ன போகும், தம்பி?"

"சனம் போகும் ஐயா. மைதானத்துக்கு."

"இப்பவும் போகுதுதானே. சுத்திவர ஒரு மதில்கூட இல்லை."

"அது ஒரு மரியாதை ஐயா. உங்கடை பிள்ளைக்கு."

மரியாதை என்ற சொல்லைக் கேட்டதும் தகப்பன் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அவளுடைய பொறுமையைப் பற்றி, புன்னகையைப் பற்றி, நோயோடு போராடிய மனவுறுதியைப் பற்றி நினைவு மலரில் எழுதிவிட்டார்கள். அவள் பொறுமைசாலி இல்லை. மெதுவாக நடக்கும் நண்பர்கள்மேல், பிந்தி வரும் பேருந்துமேல், தன்னைத் தலையில் தடவுகிறவர்கள்மேல், எழுதி வைக்காத ஒரு முழுச் சமூகத்தின்மேல் அவளுக்கு எரிச்சல். நான் வைத்துக்கொள்வது அந்த எரிச்சலை. எனக்கு இயல்பில் அது இல்லை. நான் விட்டுக்கொடுப்பவள், சொல்லைத் தணிப்பவள், எல்லோருக்கும் ஏற்ற வசனத்தைக் கண்டுபிடிப்பவள். அதற்காகவே என்னைக் கெட்டிக்காரி என்கிறார்கள். இப்போது யாராவது "ஒரு சொல்தானே" என்று தொடங்கினால் அவளுடைய குரல் வருகிறது: என்னை ஏனடி கேக்கேல்லை? அதையும் வைத்துக்கொள்கிறேன். அது எனக்குச் சுகமான நினைவு அல்ல.

கூட்டத்தில் கடைசியாக நடந்ததையும் எழுதவேண்டும்.

வளைவில் பெயர் போடக் குடும்பத்தின் சம்மதம் தேவை, பெற்றாரும் சகோதரியும் ஒப்பமிட வேண்டும் என்றார்கள். தாய் முதலில் வைத்தார். தகப்பன் நெடுநேரம் பேனாவைப் பிடித்திருந்து, பிறகு ஒன்றும் எழுதாமல் தர்சிகாவிடம் நீட்டினார். அவள் தாளை முழுவதும் வாசித்தாள்.

"இதிலை அக்காவுக்கு என்ன வருத்தம் எண்டு இல்லை" என்றாள்.

"அது என்னத்துக்குப் பிள்ளை இதிலை?" என்றார் செயலாளர்.

"அவ அதுக்குத்தானே ஓடினவ."

தாய் அவளுடைய முழங்கையைப் பிடித்தார். "பேசாமல் வை பிள்ளை. உனக்காகத்தானே எல்லாம்."

"எனக்காக எண்டா வேண்டாம் அம்மா. என்னைப் பாக்க வாறவைக்கு நானே சொல்லுறன், அக்கா கான்சரிலை செத்தவ எண்டு. அதைக் கேட்டுட்டு எழும்பிப் போறவை போகட்டும்."

செயலாளர், சரி, இன்னொரு நாள் ஆறுதலாக வைக்கலாம் என்றார். தீர்மானம் கைவிடப்படவில்லை. பணம் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.

தர்சிகா பேனாவை மூடித் தாளின்மேல் வைத்தாள். தகப்பனைக் கையைப் பிடித்து எழுப்பினாள். வெளியே போய், அவரை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.